ஸ்தோத்திரத்துக்குள் பாம்பு

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டுவிடுவேன். தையல் அப்படி வந்ததுதான். ஸ்கூட்டர் ஓட்டப் பழகியதும் அப்படித்தான். பாட்டு மிக்ஸிங் வந்த கதையும் அதே வகைதான்.

எங்கள் சர்ச்சில் வருசா வருசம் அசனப் பண்டிகை நடக்கும். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் வந்தாலும் இலை போடுவோம். சிவகாசிப் பக்கம் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியிலும் மீதிப் பேர் அச்சாபீசிலும் இருப்பதால், தீபாவளி சீசன் முடிந்து எல்லாரும் மூச்சு விடுகிற நேரம் பார்த்துத்தான் தேதி வைப்பார்கள். அன்றைக்குக் காலையில் மைக் செட்டில் பாடகர் குழுவின் புதுப் பாட்டு ஓடும். பிறகு ஆராதனையில் நாங்கள் நேரிலும் பாடுவோம். ஒரு வருசம் பதிவு செய்ததை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி வெளியூர் ஸ்டுடியோவுக்கு அனுப்பினோம். திரும்பி வந்ததைப் போட்டுக் கேட்டால், நாங்கள் எல்லாரும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அம்புட்டு எதிரொலி.

"இதை நானே பண்ணிருவேன்" என்று குழு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைப் பண்ண வேண்டும் என்றே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எட்டாப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்குற டீச்சர், இனி ஏசுநாதருக்கு சவுண்ட் இன்ஜினியரா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"தாராளமா இரு. சோத்தை மட்டும் மறந்துராத."

இணையத்தில் தேடியபோது, தமிழில் மிக்ஸிங் பழகுகிறவர்களுக்கென்றே ஒரு குழு அகப்பட்டது. சேர்ந்தேன். அதில் ஒரு மாவு மில்காரர் இருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல் டாக்டர். கனடாவில் பஸ் ஓட்டுகிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவர்தான் எங்களுக்குள் விவரமானவர். யார் முகமும் யாருக்கும் தெரியாது, காது மட்டும்தான் தெரியும். வாரா வாரம் யாராவது ஒருவர் ஒரு பாட்டின் பச்சைப் பதிவுகளைப் போடுவார்: குரல் தனி, கீபோர்டு தனி, தபேலா தனி. அவரவர் வீட்டில் அதைச் சேர்த்து, கூட்டிக் குறைத்து, ஒரு பாட்டாக்கித் திரும்பப் போட வேண்டும். அதுதான் மிக்ஸிங். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி கேட்கும்படி கடைசியாக மெருகு போடுவது மாஸ்டரிங். இது எனக்கு ரொம்பச் சீக்கிரம் பிடித்துப்போனது. குழம்புக்கு உப்பு பார்க்கிற மாதிரி, ஒரு சிட்டிகை கூடினாலும் தெரிந்துவிடும்.

அந்தக் குழுவில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பாட்டைப் போடும்போது எதில் கேட்டோம், நம்மைத் தவிர வேறு யார் கேட்டார்கள் என்று கட்டாயம் எழுத வேண்டும். செய்தவர் காது அவரையே ஏமாற்றும். அதனால் செய்யாத ஒருவர் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு 'மறுகாது' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிலருக்கு மறுகாது மனைவி, சிலருக்குப் பக்கத்துக் கடைக்காரர். மாவு மில்காரர் மிளகாய் அரைக்க வருகிறவர்களையெல்லாம் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்துவிடுவார்.

என் மறுகாது என் வீட்டுக்காரர். வேறு யார்? எங்கள் சர்ச்சில் அவரை மாதிரி டெனர் கிடையாது. ஆண்களில் மேல்குரல் எடுக்கிற அந்த வரிசைக்கு அவர்தான் தூண். ஆனால் சில வருசமாக அவர் பாடகர் குழுவுக்கு வருவதில்லை. கேட்டால் "சீசன் வேலை" என்பார். அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், சீசனில் மூச்சு விட நேரமிருக்காது என்பது வாஸ்தவம்தான். ஆனால் சீசன் முடிந்த பிறகும் வரவில்லை. சர்ச்சில் ஆளாளுக்கு என்னிடம் விசாரிப்பார்கள். அவர் வராதது எனக்கு உள்ளுக்குள் பெரிய மனத்தாங்கல். நான் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல். எங்களுக்கு நேர் பின்னால்தான் டெனர் வரிசை. முதுகுக்குப் பின்னால் அவர் குரல் இல்லாமல் பாடுவது, சாய்மானம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அதனால் இந்த மிக்ஸிங்கை ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டேன். பாட்டைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து ஒருநாள் கிளம்பி வந்துவிடமாட்டாரா என்று ஒரு கணக்கு.

அடுத்த வருசப் பாட்டை எங்கள் பாடகர் குழு ஆட்களே எழுதி மெட்டுப் போட்டோம். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எல்லாரும் ஒன்றாக விழ வேண்டும். அந்த முதல் 'ஸ்' எல்லார் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தால்தான் அழகு. ஒருவர் முந்தினால்கூட எல்லாம் கலைந்துபோகும். ஆளுக்கு ஒரு நாளாக என் வீட்டு உள் அறைக்கு வரச்சொல்லி, காதில் கீபோர்டைக் கேட்க வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்தேன். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்தும் ஊர்ச்சத்தம் உள்ளே வந்துவிட்டது.

பச்சைப் பதிவுகளை இணையக் குழுவில் போட்டதும் பல் டாக்டர் கேட்டார்: "மேடம், ரெண்டாவது சரணத்துல ஒரு டிரம் விழுதே, 'தும்'முன்னு, செமையா இருக்கு. எந்த சாம்பிள் அது?"

முன்பே பதிவு செய்து ரெடிமேடாகக் கிடைக்கிற இசைத் துணுக்கைத்தான் சாம்பிள் என்பார்கள். ஆனால் அது டிரம்மே இல்லை. எங்கள் ஊருக்கு வெளியே கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்க்கிற சத்தம். சரக்கு தயாரானதும் கொஞ்சத்தை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். அதற்கும் சாம்பிள் என்றுதான் பெயர். என் வீட்டுக்காரர்தான் அங்கே நின்று பார்க்கிற ஆள். எங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லாரும் ஒரு நொடி நின்று, இது சாம்பிளா வேறு ஏதாவதா என்று கவனித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தப் பதிவில் பாடிய அக்காகூட அந்த இடத்தில் ஒரு நொடி நின்றிருந்தார். நான் இதையெல்லாம் எழுதியதும் குழுவில் ஒரே ஆச்சரியம். அந்தத் 'தும்'மை எடுக்கவே கூடாது என்று பாதிப் பேர் ஒற்றைக் காலில் நின்றார்கள். நான் எடுத்துவிட்டேன். சாமி பாட்டு நடுவில் ஊர்க்காரர்கள் எழுந்து வெளியே போய்ப் பார்த்தால் என்ன செய்வது?

மிக்ஸிங் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரைக் கட்டிலில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்பார். கடைசியில் ஒரே தீர்ப்புதான்.

"ராகம் நல்லாருக்கு. வார்த்தைதான் புரியல."

சரி என்று உட்கார்ந்து குரலின் மேல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஈக்யூ என்று ஒரு வசதி உண்டு. சத்தத்தின் கனமான பகுதி, நடுப்பகுதி, மெல்லிசான பகுதி என்று பிரித்து வைத்து, எந்த இடம் வேண்டுமோ அதை மட்டும் ஏற்றி இறக்கலாம். திரையில் ஒரு கோடு ஓடும். ஏற்றுகிற இடத்தில் அது மேடாகும்.

"இப்ப?"

"கொஞ்சம் பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா நல்லாருக்கும். 'ஸ்தோத்திரம்'ங்கிறது 'தோத்திரம்'னு கேக்கு."

மேடு இன்னும் உயர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்து, அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் ஏற்றி, காப்பி குடிக்கும் நேரத்தில் இறக்கி, அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது. கடைசியில் ஒருநாள் அவர் கண்ணைத் திறந்து, "ஆங்... இப்பத்தான்டி பாட்டு. ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி விழுது" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே குழுவில் போட்டேன்.

முதலில் பேசியவர் கல்யாண வீடியோக்காரர். வழக்கப்படி முதலில் ஒரு நல்லது சொன்னார்: "குரல்கள் அருமை." பிறகு கேட்டார்: "ஆனா மேடம், சர்ச்சுக்குள்ள பாம்பு எப்படி வந்துச்சு?"

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். 'ஸ்தோத்திரம்' வருகிற இடமெல்லாம் உஸ்ஸ்ஸ் என்று சீறுகிறதாம். மாவு மில்காரர், மிளகாய் அரைக்க வந்தவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டதாக எழுதினார். ஏதேன் தோட்டத்தில் பதிவு செய்தீர்களா என்று பல் டாக்டர் கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மறுகாது யார் தெரியுமா, எங்கள் ஊரிலேயே நல்ல டெனர், சுருதி ஒரு இம்மி விலகினால் முகம் சுளிக்கிறவர் என்று நீளமாக எழுதிப் போட்டேன். அவர் காதைவிட உங்கள் காது உசத்தியா என்றும் கேட்டுவிட்டேன்.

 மறுநாள் கனடாக்காரர் எனக்குத் தனியாக எழுதினார்.

"அக்கா, ஒரு கேள்வி. உங்கட அவர் என்ன வேலை செய்யிறவர்?"

பட்டாசுக் கம்பெனி, தினம் சாம்பிள் வெடிக்கிற இடத்தில் நிற்கிறவர் என்று பெருமையாகவே எழுதினேன்.  பதில் வந்தது.

"குறை நினைக்காதேங்கோ. நான் முந்தி ஒரு இசைக்குழுவில டிரம்முக்குப் பக்கத்தில நிண்டனான். எனக்கும் நீங்கள் ஏத்தின அதே இடம்தான் கேக்காது. அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒருக்கா அவற்ற காதைப் பாருங்கோ."

கூடவே ஒரு ஒலியும் அனுப்பியிருந்தார். கனத்த சத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிற ஒற்றை ஓசை.

நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம். அச்சாபீசில் மெசின் ஓடும்போது கத்தியே பழகிய ஊர். அதில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்? அவர் நான் சொல்வதைக் காதில் வாங்காவிட்டால் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஆம்பளைங்க புத்தி. தெருவில் எல்லாப் பெண்களும் அதையேதான் சொல்கிறார்கள், என் வீட்டுக்காரர் மட்டும் என்ன விதிவிலக்கா?

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்பீக்கரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அவரை நடு வீட்டில் உட்கார வைத்தேன்.

"சத்தம் கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருங்க. நின்னதும் இறக்கிருங்க."

"பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

ஓசை ஏற ஏற அவர் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அது விசில் சத்தம் அளவுக்கு வந்தது. அவர் கையை இறக்கி, "முடிஞ்சுருச்சா?" என்றார்.

முடியவில்லை. அறை முழுக்கக் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது. விளையாடுகிறார் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் கை இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் எதுவுமே நடக்காத மாதிரி, "ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.  சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

சொன்னதும் அவர் மறுக்கவில்லை. 

"லேசாத் தெரியும். இம்புட்டுன்னு தெரியாது."

"பிறகு ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? பாடுறப்ப எல்லாரும் எப்ப நுழையுறாகன்னு பிடிபடல. ரெண்டு தடவ தனியா நுழைஞ்சு எல்லாரும் திரும்பிப் பார்த்துட்டாக. ஊரே மெச்சுன ஆளு, இனி ஊர் சிரிக்கணுமான்னு நின்னுட்டேன்."

சீசன் வேலை என்று சொன்னதெல்லாம் இதுதான். இத்தனை வருசம் பக்கத்திலேயே இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஒரு பக்கம் ஆத்திரம். தனியாக அதை வைத்துக்கொண்டு எப்படித் திண்டாடினாரோ என்று மறுபக்கம் பரிதாபம். அன்றைக்கு ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது, நன்றாகத் திட்டினேன். அதைக் கேட்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்றால் உடனே வரவில்லை. காதில் மெசின் வைத்தால் கம்பெனியில் கிழவன் என்பார்கள், சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். அதுவரை வேலையிடத்தில் காதை அடைத்துக்கொண்டாவது நில்லுங்கள் என்றேன். கம்பெனியில் கொடுத்த காதுமூடி பீரோவுக்கு மேலே உறை பிரிக்காமல் கிடந்தது. "வெடிச்சதான்னு நெஞ்சுலயே தெரியும், காது எதுக்கு?" என்று அவரே சொன்னார். அப்படியென்றால் காதை மூடிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் மதுரைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, காது பார்க்கிற அம்மா, காது கேட்கும் அளவைக் கோடாகப் போட்ட ஒரு படத்தை எடுத்து வந்து எங்கள் முன்னால் வைத்தார். ஒரு கோடு சமமாகப் போய், ஒரு இடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறியது.

 அந்தக் கோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். போனை எடுத்து, பாம்பு புகுந்த அந்த மிக்ஸின் ஈக்யூ படத்தைக் காட்டினேன். அவர் காதில் எங்கே பள்ளமோ, என் பாட்டில் சரியாக அதே இடத்தில் மேடு. கிட்டத்தட்ட அதே அகலம். அவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, ஒன்றும் தெரியாமல் அந்தப் பள்ளத்தை நான் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், மெசின்ல நாங்க செய்யப்போறதும் ஏறக்குறைய இதுதான்."

என் வீட்டுக்காரர் அந்தப் படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி, மாட்டிவிடுங்க" என்றார். எத்தனை நாள் நான் கெஞ்சியும் வராத சம்மதம் அது.

மெசின் வந்த முதல் நாள் வீட்டில் ஒரே வேடிக்கை. "ஃபேன் இப்படியா கத்துது?" என்றார். கடுகு வெடித்ததற்குத் திரும்பிப் பார்த்தார், வெடியிலேயே நின்ற மனுசன். சாயங்காலம் என்னிடம் ரகசியம் மாதிரி கேட்டார்: "ஏன் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ சொல்ற?" எனக்கே தெரியாமல் அது எனக்குப் பழக்கமாகியிருந்தது.

பாட்டின் மேட்டைச் சமமாக்கி, 'ஸ்' எல்லாவற்றையும் அடக்கி, மறுபடி குழுவில் போட்டேன். மறுகாது என்கிற இடத்தில், என் வீட்டுக்காரர், இப்போது மெசினோடு என்று எழுதினேன். நடந்ததையும் சொன்னேன். ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. மாவு மில்காரர், தன் காதையும் காட்டப்போவதாக எழுதினார். கனடாக்காரர் ஒரே வரிதான் போட்டார்: "பாம்பு போயிட்டுது, அக்கா."

அசனத்துக்கு முந்தின வாரம் நேரில் பாடுவதற்கான ஒத்திகை. நான் கூப்பிடவில்லை, அவரே சட்டையை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். டெனர் வரிசையில் பழைய இடத்தில் போய் நின்றார். எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். முதல் சரணம் நன்றாகப் போனது. முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்ததும் பாதி வரியைப் பாடாமல் விட்டுவிட்டேன். அடுத்து "ஸ்தோத்திரம்". விழுந்தோம். இரண்டாவது சரணம், மறுபடி விழுந்தோம்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார் அவர்.

எல்லாரும் நிறுத்தினோம். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு ஆளு 'ஸ்'ஸை முந்திப் போடுறாக. ஆல்ட்டோவுல."

"அதெல்லாம் இல்லங்க, எங்க வரிசை சுத்தம்" என்றேன், முதல் ஆளாக.

"சரி, ஒவ்வொருத்தரா பாடுங்க."

ஒவ்வொருவராகப் பாடினோம். என் முறை வந்தது. பாடி முடிப்பதற்குள் வரிசையே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. நான்தான். ஒவ்வொரு முறையும், எல்லாருக்கும் ஒரு இம்மி முன்னால். பதிவில் ஏன் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது: என் குரல்தான் சரி என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லார் குரலையும் அதற்கேற்ப நகர்த்திவிட்டிருந்தேன். இணையக் குழுவில் அத்தனை பேர் கேட்டும் யாரும் கண்டுபிடிக்காத தப்பு.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். திரும்பி அவரைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் மெசின் தெரிய, சுருதி விலகினால் சுளிக்கிற அதே பழைய முகத்தோடு, நான் சரியாகப் பாடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, நான்தான்" என்று கையைத் தூக்கினேன்.